பவுடர் அக்கா

“மோட்டச்சைக்கிள் ஒழுகுது” என்று சொல்லிக்கொண்டு பவுடர் அக்காவின் கொட்டிலுக்குள் போனால், முதலில் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். மீன் வாங்கப் போனவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பிறகு கையிலிருந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்வார்.

“கதையை விடுங்கோ. சொட்டைக் காட்டுங்கோ.”

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரின் அதிகாரியாக இருந்தாலும் சரி, கருவாட்டுக் கடைக்காரராக இருந்தாலும் சரி, வரவேற்பு இதுதான்; சொட்டு விழுகிற இடத்தைத்தான் காட்டவேண்டும். எப்போது தொடங்கியது, எங்கே போய்வந்தீர்கள், கடைசியாக யார் கை வைத்தார் என்று வழியெல்லாம் நீங்கள் கோத்துக்கொண்டு வந்த கதை முழுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முதல் தரம் எனக்குக் கோபம் வந்தது. நான் கதை சொல்லியே பிழைத்தவன். கூட்டுறவுச் சங்கப் பரிசோதகர் வேலை என்பதில் பாதி கதைதான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வீதியில் விசாரித்திருந்தால் ஒருவரும் கைகாட்டியிருக்க மாட்டார்கள். பவுடர் அக்கா என்றால், திருக்கோணமலை உட்துறைமுக வீதியில் கடற்காற்று நேரே வந்து மோதும் அந்தத் தகரக் கொட்டிலுக்கு யாரும் கொண்டுபோய் விடுவார்கள். அவர் முகத்துக்குப் பவுடர் பூசி நான் கண்டதேயில்லை. வாங்கிய பவுடர் முழுவதும் மோட்டார் சைக்கிள்களுக்கே போனது.

வெள்ளைக்கார நேவிக்காரர் கப்பலேறிப் போனபோது, விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் விட்டார்கள். கட்டில், கோப்பை, கயிறு, கூடாரம் என்று கிடந்தவற்றோடு பழைய மோட்டார் சைக்கிள்களும் கிடந்தன. வாத்தியார், மீன் முதலாளி, நெல் வியாபாரி, என்னைப் போன்ற பரிசோதகர் என்று பலபேர் அவற்றை வாங்கினோம். எல்லாம் பாரமான சாமான்கள். உருட்டினால் இடுப்பு பிடிக்கும், உதைத்தால் முழங்கால் பிடிக்கும். வேறு எந்த விதத்தில் வித்தியாசப்பட்டாலும் ஒன்றில் எல்லாம் ஒற்றுமை: எல்லாம் பெற்றோல் ஒழுகும். உப்புக்காற்றில் உலோகம் பூத்து, தக்கை காய்ந்து, தோல் வெடித்து, எங்கேயோ ஒரு இடத்தில் ஒழுகாமல் இருந்தால்தான் அதிசயம்.

அக்காவின் புருசன் நேவியின் கப்பல் பட்டறையான டொக்யார்ட்டில் வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். நேவி போனதும் அவர் அந்தக் கொட்டிலைப் போட்டார். எஞ்சின், சில்லு, சங்கிலி எல்லாம் அவர் பொறுப்பு. காபரேட்டர் மட்டும் அக்கா பொறுப்பு. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற அந்தச் சின்னப் பாத்திரத்துக்குள் ஒரு பித்தளை மிதவை இருக்கும், ஓர் ஊசி இருக்கும், மயிர் நுழைகிற துவாரங்கள் இருக்கும். அண்ணையின் விரல்களுக்குள் அந்த ஊசி அகப்பட்டால் பிறகு அது தரையில்தான் கிடக்கும். அப்படி ஒருநாள் அவர் தவறவிட்டதை அக்கா தேடி எடுத்து, துடைத்து, தானே பூட்டினாராம். அன்று தொடங்கிய உத்தியோகம்.

அவருடைய முறை இதுதான். காபரேட்டரையும் பெற்றோல் குழாயையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைப்பார். பிறகு முகப்பவுடர் அடைத்த தகர ரின்னை எடுத்து, குழந்தைக்குக் கொட்டுவது போல மேலிருந்து கீழ்வரைக்கும் கொட்டுவார். பெற்றோலைத் திறந்துவிட்டு, எதிரே நீள வாங்கைப் போட்டு, பால் விடாத பிளேன்ரீயோடு உட்கார்ந்துகொள்வார். இனி ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளைப் பவுடரில் ஓரிடத்தில் கறுப்பாக ஈரம் ஊறும். அது கோடாகி இறங்கும். நாங்கள் எல்லாரும் “அந்தா, அந்தா” என்று கீழே சொட்டுகிற இடத்தைக் காட்டுவோம். அக்கா எழுந்துபோய்க் கோட்டின் மேல் நுனியில் விரலை வைப்பார்.

“அடியில சொட்டுறதை எல்லாரும் பாப்பினம். ஒழுக்கின்ர தலை எங்கையெண்டு பாக்கவேணும்.”

இதுவும் அவர் அடிக்கடி சொல்வதுதான். அவரிடம் சொந்தமாக இருந்த வசனங்கள் அவ்வளவு அதிகமில்லை. அண்ணை பேசுகிற பேச்சுக்கு வீட்டில் வேறொருவர் பேச இடமும் இல்லை.

அண்ணை ஒரு பெரிய கதைகாரர். நேவிக் கப்பலின் கப்டன் தன்னிடம் யோசனை கேட்டது, வெள்ளைக்காரன் ஒருவன் தன்னைக் கட்டிப்பிடித்து அழுதது, தான் இல்லாமல் ஒரு பாரந்தூக்கி அசையமாட்டேன் என்று நின்றது. ஒவ்வொன்றையும் நான் பல தரம் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் புதிதாக இருக்கும். அக்கா அதை மறுத்துச் சொல்லமாட்டார், நம்பவும் மாட்டார். அண்ணை “நான் சாப்பிட்டிட்டன்” என்றால் அக்கா எழுந்துபோய்ப் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். “மழை வரப்போகுது” என்றால் வெளியே வந்து கையை நீட்டிப் பார்ப்பார். கோயில் தேர் வெளிக்கிட்டுவிட்டது என்று வீதியே ஓடினாலும், சத்தம் காதுக்கு வந்த பிறகுதான் கை கழுவத் தொடங்குவார்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். “அக்கா, ஒருத்தர் சொன்னா நம்பவே மாட்டியளோ?”

“ஒருக்கா நம்பினனான் தம்பி,” என்றார். “தரகர் வந்து சொன்னவர், மாப்பிள்ளைக்கு டொக்யார்ட்டில வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிற வேலையெண்டு. நம்பிக் கழுத்தை நீட்டினன். பிறகு பாத்தா, பக்கத்தில எண்டது மெய்தான். வெள்ளைக்காரன் கதிரையில இருந்தவன், இவர் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில நிண்டவர்.”

அண்ணை சில்லொன்றுக்குப் பின்னாலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரைப் பற்றி யார் பகிடி பண்ணினாலும் முதலில் சிரிப்பவர் அவர்தான். அதனால்தான் அந்த மனிதரை வெறுக்க யாராலும் ஏலாமல் இருந்தது.

நான் அங்கே முதல்முதலாகப் போனது கிண்ணியாப் பாதைக்காரரால். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனங்களை ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் தட்டையான பெரிய தோணி. கிண்ணியாச் சங்கத்துக்குப் போக நான் அதில்தான் ஏறவேண்டும். ஒருநாள் பாதைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி என்னை மறித்தார்.

“ஐயா, ஒங்கட சைக்கிள ஏத்த ஏலா. பெற்றோல் மணம் மூக்கத் துளைக்குது. பீடி குடிக்கிற மனிசர் நிக்கிற எடம். ஒண்டு நடந்தா எல்லாரும் கடல்ல குதிக்கணும்.”

ஏறியிருந்த சனம் முழுவதும் என்னை ஒரு வெடிகுண்டைப் பார்ப்பது போலப் பார்த்தது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தேன். என் கதையைக் கேட்காமலே பவுடரைக் கொட்டினார். ஒழுக்கின் தலை, பெற்றோலைத் திறந்து பூட்டுகிற டப்பில் இருந்தது. அதன் உள்ளேயிருந்த தக்கை காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. அண்ணை எங்கேயோ ஒளித்துவைத்திருந்த ஒரு போத்தலின் தக்கையை அக்கா நேரே போய் எடுத்துவந்தார். அதை வெட்டித் தேய்த்து, பெற்றோலில் ஊறவைத்து அடைத்தார். போத்தல் எங்கே இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அண்ணையும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தக்கை ஊறும்வரை நான் வாங்கில் இருந்தபோதுதான் கிண்ணியா மீன் முதலாளி வந்தார். கந்தளாய்க்குப் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுபோகிறவர்.

“கந்தளாய் ரோட்டுல ஒரு பாலை மரம் நிக்கிதுக்கா. அதுக்குக் கிட்டப் போனா சைக்கிள் நிண்டுரும். ஒரு பீடி குடிச்சிட்டு ஒதைச்சா ஓடுது. எந்த நாளும் அந்த மரந்தான்.”

நான் சும்மா இருக்கமாட்டாமல், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பள்ளிவாசலில் ஓதிய நூலொன்றை ஹாண்டிலில் கட்டியிருந்தார். பாலை மரம் இரண்டு சமயத்துக்கும் அசையவில்லை. அக்கா இதையெல்லாம் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் சைக்கிளைச் சுற்றி வந்தார். ஐஸ் உருகிய தண்ணீர் பெற்றோலுக்குள் இறங்கிவிடாமல், தாங்கியின் மூடியைச் சுற்றி முதலாளி பழைய ரியூப் துண்டொன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார், அவிழ்க்கவில்லை.

“அந்த மரத்தடியில நிண்டவுடன இந்த மூடியைத் திறந்து, காதைக் கிட்டக் குடுங்கோ,” என்று சொல்லி, கூடவே அண்ணையையும் பின்னால் ஏற்றி அனுப்பினார்.

பின்னேரம் இருவரும் திரும்பி வந்தார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

“தொறக்க உஸ்ஸெண்டு மூச்சிழுக்குதுக்கா! ஒடனே ஸ்ராட்!”

“ரின்பாலுக்கு எத்தினை ஓட்டை போடுறியள்?” என்று கேட்டார் அக்கா.

“ரெண்டு.”

“ஒண்டு போட்டா?”

“பால் வராதே.” சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. மூடியிலே காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அதை அவரே கட்டி அடைத்திருந்தார். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் இறங்காது. இறங்கிய மட்டும் ஓடி, இழுவை இறுகியதும் நிற்கும். அது பாலை மரத்தடிக்கும் அவர் வீட்டுக்கும் உள்ள தூரமாக இருந்தது, அவ்வளவுதான். முதலாளி நூலை அவிழ்க்கவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்.

“போகமுந்தியே சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றேன் நான்.

“சொன்னா நம்பமாட்டார். நானெண்டாலும் நம்பமாட்டன்.”

அன்று வீட்டுக்குப் போனபோது என் மனைவி என் சட்டையை வாங்கித் தோய்க்கப் போடுமுன் மூக்கருகே கொண்டுபோனாள்.

“இஞ்சருங்கோ, இது ஆரின்ர பவுடர்?”

நான் அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். கொட்டிலில் ஒருவரும் கேட்காத கதைக்கு இங்காவது ஆள் கிடைத்ததே என்று விரித்துத்தான் சொன்னேன். அவள் பாதியிலேயே இன்னொரு தரம் மணந்து பார்த்தாள். “ஓம், மண்ணெண்ணெய் மணமும் கிடக்கு. கொஞ்சம் மீனும்,” என்று சட்டையை வாளிக்குள் போட்டாள். சந்தேகம் தீர்ந்தது. அவளுக்கு அப்படி ஒரு மூக்கு. அயல்வீட்டுக் குசினியில் என்ன கறி என்று மட்டுமல்ல, உப்புப் போட மறந்ததையும் சொல்லிவிடுவாள் என்று நான் பகிடி பண்ணுவேன். அந்த மூக்கே எங்களுக்கு வினையாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

சில மாதம் போக அவள் முழுகாமல் இருந்தாள். முதலில் ஒன்று வந்து தங்காமல் போனதால் எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயமே கூடுதலாக இருந்தது. அவளுக்கோ பெற்றோல் மணம் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்புவழிபுரத்தில் எங்களுடையது சின்ன வாடகை வீடு. உப்புக்காற்றுக்கும் கள்ளருக்கும் பயந்து நான் சைக்கிளை முன்னறையில்தான் நிறுத்துவேன். பின்னேரம் நான் வந்தால் அவள் குசினிக்குள் ஓடுவாள், சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். மெலிந்துகொண்டே போனாள். மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, “இப்பிடி ஒண்டும் வயித்தில நிக்காட்டி, தாய் வீட்டில கொண்டுபோய் விடுங்கோ. இந்தமுறையும் கவனமில்லாம இருக்கப்படாது,” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

தாய்வீடு கந்தளாயில். அவளுக்குப் போக விருப்பமில்லை. எனக்கு விட விருப்பமில்லை. சைக்கிளை வித்துத் தொலைக்கலாம் என்றால், வாகனம் இல்லாதவனுக்கு என் வேலையில் இந்தப் பகுதி கிடைக்காது. வேறு மாவட்டத்தில் எந்த மேசைக்குப் பின்னால் தூக்கிப் போடுவார்களோ தெரியாது. நான் மறுபடி அக்காவிடம் போனேன்.

“அக்கா, மனிசி முழுகாம இருக்கிறா. மணம் தாங்கேலாம...”

அக்கா நான் முடிக்குமுன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சைக்கிளை உள்ள விடுங்கோ,” என்றார். ஒரு நல்வார்த்தை இல்லை, எத்தனையாம் மாதம் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கல்நெஞ்சு எனக்குச் சுட்டது. நான் வீதிக்கு வந்து நிற்க, அண்ணை பின்னாலேயே வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

“கோவியாதையும் தம்பி. அவளுக்கும் வந்து வந்து தங்காமப் போனது. டொக்குத்தர் ஒவ்வொருமுறையும் சொன்னவர், இந்தமுறை தங்கும், பயப்பிடாதை எண்டு. ஒவ்வொருமுறையும் நம்பினவள். அவள் தரகர் கதை சொல்ல நான் சிரிக்கிறது வேற. அவள் மற்றவையின்ர சொல்லை நம்பாம விட்டது அங்கைதான்.”

அவர் சொன்னதில் நான் அப்படியே நம்பிய முதற்கதை அது. எனக்கு அக்காமேல் இருந்த கோபம் போனது, சிறிது வெட்கமாகவும் இருந்தது.

அன்று அக்கா காபரேட்டரை முழுதாகக் கழற்றினார். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினார், சுடுதண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஊசியை மாற்றினார். எல்லாம் பூட்டிப் பவுடரைக் கொட்டி, பெற்றோலைத் திறந்து விட்டு, “நாளைக்கு வாங்கோ” என்றார். நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் பவுடர் போட்டது போட்டபடி, ஒரு பொட்டு ஈரமில்லை.

“சைக்கிள் ஒழுகேல்லை.”

“வீட்டில நேற்றும் மணந்ததாம் அக்கா.”

“நேற்று சைக்கிள் இஞ்ச. பிறகெப்பிடி அங்கை மணக்கும்? உங்கட மனிசி சொல்லுறது கதை. இது பவுடர்.”

அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தை நான் வீட்டுக்குக் காவிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த மடைத்தனம்.

“சைக்கிள் இல்லாத நாளும் மணக்குதெண்டா, உமக்கு அது பிரமை,” என்றேன்.

“பிரமையோ? நீங்கள் வரமுந்தி வீடு மணக்கேல்லை. நீங்கள் வந்தாப்பிறகுதான் மணக்குது.”

“அப்ப நான் என்ன பெற்றோல் அடிக்கிற செட்டே?”

என் மனைவி அழவில்லை. அழுதிருந்தால் நான் இறங்கிப் போயிருப்பேன். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்கினாள். விடிந்ததும் கந்தளாய் பஸ் பிடிப்பது என்று முடிவாயிற்று. இரவு முழுக்கப் பெட்டி வாசலில் நின்றது. போனவள் நலமாகப் பெற்றுத் திரும்புவாளா, அல்லது முதல் தரம் போலப் பிள்ளையை இழந்து தனியே படுத்திருப்பாளா என்று யோசித்தபடி கிடந்தேன்.

காலையில் நான் பெட்டியைத் தூக்க, அவள் சொன்னாள், “பஸ்ஸுக்குப் போற வழியில உந்த அக்காவை ஒருக்காப் பாப்பம்.”

சைக்கிள் இன்னும் கொட்டிலில்தான் நின்றது, அதே பவுடரோடு. என் மனைவி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். அக்கா அவளுடைய வயிற்றைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்தார்.

“அக்கா, நீங்கள் சொல்லுறது சரி. சைக்கிள் ஒழுகேல்லை,” என்றாள் என் மனைவி.

“பிறகென்ன பிள்ளை?”

“எனக்கு மணக்கிறதும் மெய்.”

“கதையை விடு பிள்ளை. சொட்டைக் காட்டு.”

என் மனைவி வாங்கிலிருந்த பவுடர் ரின்னை எடுத்தாள். சைக்கிளுக்குக் கிட்டவும் போகவில்லை. குனிந்து என் கன்வஸ் சப்பாத்து இரண்டிலும் கொட்டினாள். பிறகு என் காற்சட்டையில், தொடையிலிருந்து கீழ்வரைக்கும் கொட்டினாள். அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். நான் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றேன்.

“இனி ஒவ்வொரு நாளும் செய்யிற மாதிரி ஸ்ராட் பண்ணுங்கோ.”

நான் செய்தேன். அந்தச் சைக்கிளின் காபரேட்டர் தலையில் சின்னதாக ஒரு முளை உண்டு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதை விரலால் அமத்துவது வழக்கம். மிதவை தாழ்ந்து பெற்றோல் கூடுதலாக ஏறும். துறைமுகப் பக்கத்தில் நாங்கள் எல்லாரும் பெற்றோல் பொங்கி வெளியே வழியுமட்டும் அமத்துவோம். அன்றும் அமத்தினேன், வழிந்தது. ஈரமான விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு உதைத்தேன். சைக்கிள் ஒரே உதையில் எழும்பியது.

ஒருவரும் சைக்கிளைப் பார்க்கவில்லை. என் இடது சப்பாத்தின் மூக்கில் கறுப்பாக ஈரம் ஊறிப் பரந்துகொண்டிருந்தது. தொடையில் என் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், எஞ்சினை எழுப்பும் ஒவ்வொரு தரமும் இதைத்தான் செய்திருக்கிறேன். அந்தச் சப்பாத்தைத்தான் வாசலுக்கு உட்புறம் கழற்றி வைப்பேன். அந்தக் காற்சட்டையைத்தான் படுக்கையறைக் கதவில் கொழுவுவேன்.

அக்கா குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். விரலால் ஈரத்தின் மேல் நுனியைத் தொட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உப்பிடி வழிய வழிய அமத்தச் சொல்லி ஆர் தம்பி காட்டித் தந்தது?”

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை சுவரைப் பார்த்தார். ஏலத்தில் சைக்கிள் எடுத்தவர்களுக்கெல்லாம் ஓடக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். வழிந்தால்தான் எஞ்சின் வயிறு நிறைந்தது என்று அர்த்தம் என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

“நேவிக்காரங்கள் அப்பிடித்தான் செய்தவங்கள்,” என்றார் அண்ணை, குரல் உள்ளே போக. “என்ர கண்ணால கண்டனான்.”

“அவங்கள்ர ஊரில தண்ணியே கல்லாப் போற குளிராம். அங்கை பழகினவன் அமத்துவான். திருக்கோணமலை வெயிலுக்குள்ள அந்த முளையைத் தொடவே தேவையில்லை. இந்த மனிசன் தொடங்கிவைச்ச கதையாலதான் துறைமுகம் முழுக்க ஒழுகுது!”

அதைச் சொல்லிக்கொண்டே அக்கா சிரிக்கத் தொடங்கினார். நான் அவர் சிரித்துக் கண்டது அதுதான் முதல் தரம். வாங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். அண்ணையும் சேர்ந்துகொண்டார். வழக்கம் போல அவர்தான் கூடுதலாகச் சிரித்தார். பவுடர் பூசிய காலோடு நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சீலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமல் நின்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

“பிள்ளை, நீ சொன்னது கதையில்லை. நான்தான் சைக்கிளோட நிண்டிட்டன்.”

அவர் வாயால் அப்படி ஒன்று வரும் என்று அண்ணைகூட நினைத்திருக்கமாட்டார். அடுத்ததாக, “ஏதும் சாப்பிட்டனியே?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அக்கா பின்பக்கம் இருந்த வீட்டுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கை இரண்டையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இன்னொரு தரம் கழுவி, பாண் ரொட்டியைச் சுட்டு, இஞ்சி போட்ட பிளேன்ரீயோடு வைத்தார். அவள் சாப்பிடச் சாப்பிட, எதிரே கதிரையைப் போட்டு, பவுடருக்கு முன்னால் இருக்கிற மாதிரி ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. பாண் முடிந்தது. பிளேன்ரீயும் முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

“நிக்குது,” என்றார் அக்கா, எங்கள் பக்கம் திரும்பி.

கந்தளாய் பஸ் அந்நேரம் போயே போயிருக்கும். நான் சப்பாத்தைக் கொட்டில் வேலியில் கட்டித் தொங்கவிட்டு, வெறுங்காலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு நடந்து வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோசமாக நான் பெட்டி தூக்கியதில்லை. அந்தக் காற்சட்டையைப் பிறகு அண்ணைதான் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு அக்கா கொட்டிலுக்கு வந்த ஒவ்வொருவரையும், சொட்டைக் காட்டுமுன் ஒரு தரம் ஸ்ராட் பண்ணச் சொல்லிப் பார்த்தார். முளையில் விரல் போனால் துணியால் விரலில் ஒன்று விழும். கச்சேரி அதிகாரிக்கும் விழுந்ததாக அண்ணை சொன்னார். அவர் சொன்னது, ஆகவே எனக்கு நிச்சயமில்லை. ஆனால் கிண்ணியாப் பாதையில் பெற்றோல் மணத்துக்காக ஒருவரையும் மறிப்பதில்லை என்று பாதைக்காரர் சொன்னார். அது மெய், நானே அதில் போய்வந்தவன்.

எங்களுக்கு மகள் பிறந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஒரு குறையுமில்லாமல் பிறந்தாள். அண்ணை வந்து பார்த்து, எடை, நிறம், மூக்கு என்று அக்காவிடம் போய் விரித்திருப்பார். அக்கா வரவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அவருக்கு எவ்வளவு பாரமான காரியம் அது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழித்த அன்று வாசலில் இருவரும் நின்றார்கள். அக்கா கரை போட்ட நல்ல சீலை உடுத்தியிருந்தார். நகத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பையெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தார். கையில் ஒரு ரின் பவுடர் இருந்தது. எங்கள் ஊரில் பிள்ளை பார்க்க வருபவர்கள் பவுடரும் சவர்க்காரமும் கொண்டுவருவது வழக்கம்தான். ஆனாலும் அவர் கையில் அதைக் கண்டதும் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மணந்து பார் பிள்ளை,” என்று ரின்னை நீட்டினார் அக்கா. “பெற்றோல் கிட்ட வைக்கேல்லை. வாங்கி அலுமாரிக்குள்ள வைச்சனான்.”

அவர் அறையின் நடுவில் நின்று தொட்டிலை எட்டிப் பார்த்தார். கிட்டப் போகவில்லை. “சுகமாம் எண்டு இவர் சொன்னவர்,” என்றார். சொல்லிவிட்டு, அது போதாது என்பது போல அங்கேயே நின்றார். என் மனைவி அவரைக் கதிரையில் இருத்தி, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

அக்காவுக்குக் கையை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. பிறகு ஒரு கையைத் தலைக்கடியில் கொடுத்து, மற்றக் கையின் ஒரு விரலை மகளின் நெஞ்சில் வைத்தார். விரல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை நேவிக் கப்பலில் பிறந்த ஒரு குழந்தையின் கதையைத் தொடங்கிவிட்டு, அவரைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

அக்காவின் நல்ல சீலையில் ஓரிடத்தில் ஈரம் ஊறியது. அது பரந்து மடிப்பு வழியாக இறங்கிக் காலடியில் சொட்டியது.

“ஐயோ அக்கா, சீலை!” என்று என் மனைவி பிள்ளையைத் தூக்க ஓடினாள். “இஞ்ச பாரப்பா, ஒழுகுது!” என்றார் அண்ணை.

அக்கா பிள்ளையைக் கொடுக்கவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை.

“ஓம்,” என்றார். “ஒழுகட்டும்.”